எவர் மகள் என்று கேளாத வீடு

நம் சேரிகளிலும் குப்பங்களிலும் வாழும் பெண்கள் கருவுற்றதும் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ நகர்ப்புற மருத்துவ நிலையத்திலோ பெயரைப் பதிவு செய்து, பிக்மி எண்ணைப் பெற்றுக்கொள்கின்றனர். அதன்பின் அவர்கள் வாயில் அடிக்கடி அடிபடும் பெயர் ஒன்று உண்டு. முத்துலட்சுமி பணம் வந்ததா, முதல் தவணை வந்ததா என்று ஒருவரையொருவர் வினவிக்கொள்வர். பணத்திற்குப் பெயராகிப் போன அந்த முத்துலட்சுமி யார் என்று கேட்டால், பெறுகின்றவர்களுக்கும் தெரியாது. கொடுக்கின்ற அலுவலர்களிலும் பலருக்குத் தெரியாது. ஓர் அம்மையாரின் வாழ்வு வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகையாகச் சுருங்கிவிட்டது நமக்கு வருத்தமே. வெள்ளி விழா மலரின் இப்பக்கங்களை அவருக்கென ஒதுக்கியதன் காரணம் அதுவே.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி, அவ்வூர் மன்னர் கல்லூரியின் முதல்வர், பார்ப்பனக் குலத்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இவ்விருவரும் இல்லறம் நடத்தியதால் தந்தையாரை அவருடைய உறவினர் விலக்கிவைத்தனர். தாயாரையோ ஊரார் ஒருபோதும் தம்முள் ஒருவராகச் சேர்த்துக்கொண்டதில்லை. எனவே, அக்குடும்பம் எந்தத் தெருவுக்கும் முழுமையாக உரியதாய் இருக்கவில்லை.

தேவதாசி முறை என்றால் என்ன என்பதை இன்றைய இளைஞர்க்குச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். சிறு பெண்ணுக்குக் கோயிலில் பொட்டுக்கட்டி, இறைவனுக்கே அவள் மனைவி என்று கூறிவிடுவர். அதன்பின் அவளுக்கு மணம் இல்லை. இசையும் நடனமும் அவள் கற்றாள்; அக்கலைகளைக் காத்துக் கொடுத்தவர்கள் அவர்களே என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவள் கருவுற்றபோது, அக்கருவுக்குத் தந்தை எவர் என்று ஊர் அறிந்திருந்தும் அவன் பெயரைச் சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை. பிறந்த பிள்ளை பள்ளிக்கூடத்து வாயிலில் நிற்கும்போது தகப்பன் பெயர் கேட்கப்படும். அந்தக் கேள்வியின் கூர்மை நம்மவர்க்குப் புதிதன்று. நம்மிடம் தகப்பன் பெயரை மட்டுமல்லாமல் தெருப் பெயரையும் சேர்த்துக் கேட்டார்கள் என்பதே வேறுபாடு.

முத்துலட்சுமி பள்ளிப் படிப்பை முடித்து மெட்ரிகுலேஷன் தேர்விலும் வென்று, கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது இரட்டைத் தடை எழுந்தது. ஆடவர் பயிலும் கல்லூரியில் ஒரு பெண்ணா என்பது ஒன்று. அதிலும் இன்ன தாயின் வயிற்றில் பிறந்தவளா என்பது மற்றொன்று. முதல் தடையை நாகரிகமான சொற்களால் கூறினர். இரண்டாவதை முணுமுணுப்பாகவே கூறினர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடைப்புகுந்து சேர்க்கை அளிக்குமாறு ஆணையிட்டார். உதவித் தொகையும் கிடைத்தது. திரையிட்ட வண்டியில் கல்லூரிக்குச் சென்று, மாணவர் கண்ணில் படாதவாறு திரைக்குப் பின்னிருந்து பாடம் கேட்டார் என்பர். மன்னருக்கு மனம் இருந்ததால் ஒருத்தி படித்தாள். மன்னருக்கு மனமில்லாத ஊர்களில் எத்தனை பேர் படிக்காமல் போனார்களோ, அந்தக் கணக்கு எவரிடத்தும் இல்லை.

1907இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் பரிசுகளும் பதக்கங்களும் பெற்றுப் பட்டத்துடன் வெளிவந்தார். அக்கல்லூரியில் பெண்கள் பயில்வது அப்போது முற்றிலும் புதியதன்று. 1875ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது அங்குச் சேர்ந்து பயின்றார். பின்னர் 1885இல் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தொடங்குவதற்கும் காரணமாக இருந்தார். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று வழங்குவது அதுவே. கோஷா ஆஸ்பத்திரி என்று நம் பாட்டிமார் கூறுவர். அதன் பழைய முழுப்பெயரை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். சாதிப் பெண்டிர்க்கும் கோஷாப் பெண்டிர்க்குமான விக்டோரியா மருத்துவமனை என்பதே அப்பெயர். பொது மருத்துவமனைக்கு வந்து பிறருடன் ஒரே கூடத்தில் படுத்துப் பிள்ளை பெற மேல்சாதிப் பெண்கள் ஒப்பவில்லை. எனவே, அவர்களுக்கென்று தனியே ஒன்று கட்டப்பட்டது. அதனால் பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பது உண்மை. நன்றியுடன் நினைக்கத் தக்கதுமாகும். ஆனால், பேறுகால வேதனையிலும் சாதி ஒரு கட்டிலை விட்டு மறு கட்டிலுக்கு விலகிப் படுத்தது என்பதும் அந்தப் பெயர்ப் பலகையிலேயே எழுதியிருந்தது.

முத்துலட்சுமி பணி தொடங்கியது அந்த மருத்துவமனையில் அன்று. 1844 முதல் நடந்துவந்த எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில். அங்கு அமர்த்தப்பட்ட முதற்பெண் பயிற்சி மருத்துவர் அவர். எழும்பூருக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். வீட்டுப் புறக்கடையில் இருட்டறையொன்றில், கிழிந்த பாயின்மீது, மருத்துவச்சியின் கைப்பழக்கத்தையே நம்பிப் பிள்ளை பெற்ற காலம் அது. மருத்துவச்சி என்பவளும் பெரும்பாலும் தாழ்த்தப்பட்டவளே. தீட்டைத் தொடுவதற்கென்றே பிறந்தவளாக அவளைக் கருதினர். பிள்ளையைக் கையில் ஏந்தும்வரை அவள் வேண்டும்; ஏந்தியபின் அவள் தொட்ட இடத்தைக் கழுவுவர். நெஞ்சு முதிராத பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமியர் தாயாகி மாண்ட காலமும் அதுவே. பின்னாளில் அம்மையார் பெண்களின் மணவயதை உயர்த்த வேண்டும் என்று சட்டமன்றத்தில் வாதாடியமைக்கு இந்த மருத்துவ அனுபவம் உறுதுணையாயிற்று. 1929இல் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயது என வரையறுத்தது. இன்று அந்த எண் நமக்கு நகைப்பைத் தரலாம். அன்று அதற்கே நாடெங்கும் பெருங்கூச்சல் எழுந்தது.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை அவர் மணந்துகொண்டார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் பணிக்கு இடையூறு செய்தல் கூடாது என்று முன்னரே உறுதிமொழி பெற்றுக்கொண்ட பின்னரே மணத்திற்கு இசைந்தார். அந்த உறுதிமொழி காக்கவும் பட்டது. சுந்தர ரெட்டியைப் பற்றி எவரும் மலர் வெளியிடுவதில்லை, வெளியிட்டால் தகும்.

அம்மையார் பொதுவாழ்வில் இறங்கிய கதைக்குச் செல்லுமுன், புனே நகருக்கு ஒரு முறை சென்று மீள்வது நலம். துணையற்ற கருவுற்ற பெண்ணுக்குக் கூரை தேடிய முயற்சிகளில் முதன்மையானது அங்குதான் நடந்தது. பார்ப்பன விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாகாது; தலை மழிக்கப்பட்டு வீட்டின் மூலையில் கிடப்பர். அவ்வீட்டு ஆடவராலேயே அவர்கள் கருவுற்றால், கிணற்றில் விழுதல் அல்லது பிறந்த சிசுவின் கழுத்தை நெரித்தல் என்னும் இரண்டே வழிகள் இருந்தன. சிசுவைக் கொன்றவளைச் சட்டம் தண்டித்தது. கருவுறச் செய்தவனை எவரும் தேடவில்லை. ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் 1863இல் தம் வீட்டிலேயே ஓர் இல்லம் அமைத்து, கருவுற்ற விதவைகள் மறைவாக வந்து பிள்ளை பெற்றுக்கொள்ளலாம், பிள்ளையை விட்டுச் செல்லவும் செய்யலாம் என்று விளம்பரம் ஒட்டினர். சூத்திரர் என்று இழிக்கப்பட்ட தோட்டக்காரக் குடும்பத்தின் வீட்டில் உயர்குலப் பெண்டிர் உயிர் பிழைத்தனர். அவ்வாறு 1874இல் வந்த ஒருத்தியின் மகனைத் தம் மகனாகவே ஏற்று, யஷ்வந்த் என்று பெயரிட்டு, மருத்துவராக்கினர். 1897இல் கொள்ளைநோய் பரவியபோது அம்மகனின் மருத்துவ முகாமிற்கு நோயாளிகளைக் கொண்டு சேர்த்த சாவித்திரிபாய் தாமும் அந்நோய்க்கு இரையானார். இவ்வரலாற்றை நம் கூட்டங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். கருவுற்றோர் இல்லத்தைப் பற்றி மட்டும் ஏனோ குறைவாகவே பேசுகிறோம்.

பூலேக்கு உண்மை நாடுவோர் சங்கம் சமயமாக இருந்தது. கேத்காவ் என்னுமிடத்தில் கைவிடப்பட்ட பெண்களுக்குக் கிருபா சதன் நடத்திய பண்டித ரமாபாய்க்குக் கிறிஸ்துவே வழிகாட்டி. நம் சென்னையில் அடையாற்றங்கரையில் பிரம்ம ஞான சபையைச் சேர்ந்த கர்னல் ஆல்காட் 1894இல் நம் குழந்தைகளுக்கென்று ஊரூரில் இலவசப் பள்ளி தொடங்கினார். அதே அடையாற்றில்தான் 1917இல் இந்திய மாதர் சங்கமும் தோன்றியது. முத்துலட்சுமி அம்மையாரைப் பொதுப்பணிக்கு ஈர்த்ததும் அச்சங்கமே. சமய நம்பிக்கை ஒரு கையால் பொட்டுக்கட்டியது. மறு கையால் கூரை வேய்ந்தது. இரண்டையும் கண்டவர் அம்மையார்.

1926இல் அவர் சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றம் புகுந்த முதற்பெண் அவரே. 1927இல் மன்றத்தின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே மன்றத்தில், பொதுச் சாலையிலும் கிணற்றிலும் நம் மக்களுக்கு உரிமை உண்டு என 1924இல் தீர்மானம் கொண்டுவந்த இரட்டைமலை சீனிவாசன் அமர்ந்திருந்தார் என்பதை நினைக்கும்போது நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது. தெருவுக்குள் விடப்படாதவர்களும் தந்தை பெயர் மறுக்கப்பட்டவர்களும் ஒரே கூரையின் கீழ்ச் சட்டம் இயற்றிய காலம் அது.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அம்மையார் 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். 1929இல் அறநிலையச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தால், கோயில் ஊழியத்துடன் பிணைக்கப்பட்டிருந்த மானிய நிலம் அப்பெண்களுக்கே உரிமையாயிற்று. ஊழியம் செய்யாவிடினும் நிலம் போகாது என்பது இத்திருத்தத்தின் சாரம். நிலம் இல்லாமல் விடுதலை இல்லை என்பதை அம்மையார் உணர்ந்திருந்தார் என்பதற்கு இதுவே சான்று. 1930இல் பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. சத்தியமூர்த்தி போன்ற தேசியத் தலைவர்கள் மரபின் பெயரால் எதிர்த்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாளும் வேறு பல தேவதாசிகளும் தங்கள் கலையும் மானமும் பறிபோகும் என்று எதிர்த்தனர். நாங்கள் அனைவரும் இழிந்தவர்கள் அல்லோம் என்று முறையிட்டனர். இவர்களுடைய குறையை வெறும் பிடிவாதமென்று தள்ளிவிட முடியாது. எவருக்காகச் சட்டம் செய்கிறோமோ அவர்களுடன் அமர்ந்து பேசிச் செய்தல் வேண்டும். அம்மையார் அதனைப் போதிய அளவு செய்யவில்லை என்பதே நம் எண்ணம். குடும்பப் பெண் என்னும் ஒரே அச்சில் எல்லாரையும் வார்க்க அவர் விரும்பினார். அதே வேளையில், மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரைப் போல அம்மரபிற்குள்ளிருந்தே எழுந்து அதனை எதிர்த்துப் போராடியவர்களும் இருந்தனர். மசோதா சட்டமாவதற்கு 1947ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அம்மையார் அதற்கு நெடுநாள் முன்பே, 1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து, மன்றப் பதவியைத் துறந்து வெளியேறிவிட்டார்.

அதே 1930ஆம் ஆண்டில் ஓர் இரவில் நடந்த நிகழ்ச்சியே நம் கட்டுரையின் உயிர்.

தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த சிறுமியர் மூவர் அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினர். பொட்டுக்கட்டும் வாழ்வு வேண்டாமென்று புறப்பட்டு வந்தவர்கள் அவர்கள். மன்றத்தில் நம் பொருட்டுப் பேசிய அம்மாவின் வீடு எது என்று விசாரித்து வந்திருப்பர் போலும். அவர்களை ஏதேனும் ஒரு மாணவியர் விடுதியில் சேர்த்துவிட அம்மையார் முயன்றார். அன்றைய சென்னையில் சாதிக்கொரு விடுதி இருந்தது. பார்ப்பன விதவைகளுக்கென்று திருவல்லிக்கேணியில் சகோதரி சுப்புலட்சுமி அரிய தொண்டு புரிந்துவந்த இல்லம் இருந்தது. அதற்கு அரசு விதித்த வரம்பே அக்குலத்தார் மட்டும் என்பது. பார்ப்பனரல்லாத பெண்களுக்கும் விடுதி இருந்தது. ஆனால், அந்த மூன்று பெண்களுக்கும் எங்கும் இடம் கிடைக்கவில்லை. இவர்கள் வந்தால் மற்றப் பெண்கள் கெட்டுவிடுவார்கள் என்பது காரணம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் புதுக்கோட்டைக் கல்லூரி வாயிலில் அம்மையாரைப் பற்றிச் சொல்லப்பட்ட அதே காரணம்.

விடுதி வாயிலில் பெட்டியும் பாயுமாக நின்று, பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு, உள்ளே சென்றவர் திரும்பிவரும்வரை காத்திருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. இடமில்லை என்று சொல்வதற்கு முன் முகத்தில் தோன்றும் மாற்றத்தை நாம் அறிவோம். அம்மூவரும் அதனை அறிந்திருப்பர். மறுப்பைச் சுமந்துகொண்டு எங்கே திரும்புவது? திரும்பிச் சென்றால் பொட்டு காத்திருக்கிறது. அதன்பின் இரண்டு, மூன்று ஆண்டுகளில் அவர்களில் ஒருத்தி நிறைவயிற்றுடன் எழும்பூர் மருத்துவமனைக் கூடத்தில் படுத்திருப்பாள்; பதிவேட்டில் கணவன் பெயருக்குரிய கட்டம் வெற்றாய் இருக்கும். அத்தகைய கட்டங்களை மருத்துவராகிய அம்மையார் தம் கையாலேயே நிரப்பாமல் விட்டிருப்பார் அல்லவா?

அவர்களைத் தம் வீட்டிலேயே இருத்திக்கொண்டார். அதுவே ஔவை இல்லத்தின் தொடக்கம். 1931இல் அது முறையான நிறுவனமாயிற்று. 1936இல் அடையாற்றுக்கு, பெசன்ட் அவென்யூவிற்கு, இடம் பெயர்ந்தது. ஔவையின் பெயரைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நுட்பம் உண்டு. மணமின்றி, மகப்பேறின்றி, கல்வி ஒன்றையே துணையாகக் கொண்டு ஊர் ஊராக நடந்த மூதாட்டி அவர். அவரை எவர் மகள், எவர் மனைவி என்று கேட்கத் தமிழ்நாட்டில் எவருக்கும் தோன்றியதில்லை.

ஔவை இல்லம் பேறுகால விடுதி அன்று. அப்படிக் கூறுவது பிழையாகும். கருவுற்ற பெண்ணின் வேதனை எந்த இடத்தில் தொடங்குகிறதோ அந்த இடத்தில் அது கதவு திறந்தது. தாயற்றவள், கணவனால் தள்ளப்பட்டவள், பொட்டுக்கு அஞ்சி வந்தவள், பசியால் வந்தவள் என எவளாயினும் சாதி கேளாமல் சேர்த்துக்கொள்வது அதன் விதியாயிற்று. சேர்த்துக்கொண்டபின் சோறு போட்டுப் படுக்க வைப்பதோடு அது நின்றுவிடவில்லை. பள்ளி நடந்தது, கைத்தொழிலும் ஆசிரியைப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. ஆசிரியையாகவோ செவிலியாகவோ சம்பளம் வாங்கும் பெண்ணிடம் வந்து பொட்டுக்கட்டு என்று சொல்ல எவருக்கும் துணிவு வராது என்பது அவருடைய கணக்கு. தரும சத்திரத்திற்கும் கல்வி இல்லத்திற்கும் உள்ள வேற்றுமை இதுவே. தரும சத்திரத்தில் உண்டவர் மறுநாளும் பசியோடு வருவார். நம் சங்கம் மாணவர் விடுதி நடத்துவதா, அன்னதானம் செய்வதா என்று முன்பு வாதிட்ட பெரியவர்கள் இதனைப் படித்தால் புன்னகைப்பர்.

அம்மையாரின் ஆட்சி கண்டிப்பானது. ஒழுங்கு, தூய்மை, அடக்கம் என்று அவர் வலியுறுத்தியவை சில பெண்களுக்குப் பாரமாகவும் இருந்திருக்கும். ஊர் முழுதும் குற்றம் காணக் காத்திருக்கும்போது இல்லத்துப் பெண்ணுக்குச் சிறு தவறும் மன்னிக்கப்படாது என்று அவர் அஞ்சியிருக்கலாம். நம் விடுதிக் காப்பாளர்களும் இதே அச்சத்தால் கடுமை காட்டியதுண்டு. ஊராரின் குறைக்கு நம் பிள்ளைகள் ஏன் இரு மடங்கு அடங்க வேண்டும் என்னும் கேள்வியும் நியாயமானதே.

அடையாற்றில் அவர் நிறுவிய மற்றொரு கோயில் புற்றுநோய் மருத்துவமனை. தம் தங்கை 1923இல் அந்நோய்க்குப் பலியான துயரை அவர் மறக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் நிதி திரட்டினார். புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை எதற்கு, வந்தவர் எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள் என்று கைவிரித்தோர் பலர். 1952 அக்டோபர் 10ஆம் நாள் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் பின்னர் டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்த வரலாறு தனி நூலுக்கு உரியது. 1956இல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22ஆம் நாள், தம் 81ஆம் வயதில், அவர் மறைந்தார்.

அவர் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே தமிழ்நாட்டரசு ஏழைக் கருவுற்ற பெண்களுக்கான நிதியுதவிக்கு அவர் பெயரைச் சூட்டியது. முதலில் 300 ரூபாய். 2006இல் 6,000 ஆயிற்று, 2011இல் 12,000, 2018இல் 18,000. இதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் மீதி தவணைகளாகவும் தரப்படுகின்றன. கூலி வேலைக்குச் செல்லும் நம் பெண்களுக்கு நிறைமாதத்தில் இரண்டு மாதமாவது வீட்டில் இருக்க இத்தொகை இடம் தருகிறது. தாய் இரத்தம் குன்றிச் சாகாமல் இருப்பதற்கு அந்த இரண்டு மாத ஓய்வு எவ்வளவு தேவை என்பதை வயல் நடவு நட்ட கைகளைக் கேட்டால் தெரியும். முதல் இரண்டு பேறுகளுக்கு மட்டுமே உதவி என்பது விதி. மூன்றாவதாகக் கருவுற்றவள் பணக்காரி ஆகிவிடுவதில்லை. பெரும்பாலும் அவளே மிகவும் ஏழை. அம்மையாரின் பெயர் தாங்கிய திட்டத்தில் இந்த வாயிற்படி மட்டும் எதற்கு என்று நமக்குத் தோன்றுகிறது.

பெசன்ட் அவென்யூ வழியாகச் செல்லும் இளைஞர்கள் ஔவை இல்லத்தின் முன் சற்று நின்று பார்க்கலாம். அங்கிருந்து சிறிது தொலைவில்தான் ஆல்காட் பெயரால் நடக்கும் பள்ளி இருக்கிறது. நம் பெரியவர்களில் சிலர் அங்கே எழுத்தறிந்தவர்கள். காலையில் இரண்டு இடங்களிலும் பள்ளி மணி அடிக்கிறது. சீருடை அணிந்த சிறுமியர் வரிசையாக உள்ளே செல்கின்றனர்.